சிவப்பு மையும் ஐந்து ஊர்களும்

முதல் நாள்: வடக்கன்குளம்

நாகர்கோவிலில் பஸ் ஏறி வடக்கன்குளம் போய் சேர்ந்தபோது மணி பத்தரை. காவல்கிணற்றிலிருந்தே காற்றாலைகள் தொடங்கிவிடுகின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் மூன்று வெள்ளைக் கைகள் சுற்றுகின்றன. காற்று சேலைத் தலைப்பை மட்டுமல்ல, கையிலிருந்த டிக்கெட்டையும் பறித்துக்கொண்டு போனது.

எதற்காக இந்தப் பயணம் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். பல்கலைக்கழகத்தில் எங்களுக்குச் சங்க இலக்கியம் நடத்தியவர் ஒரு பாதிரியார். அங்கியை ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுவார். மற்ற நாட்களில் முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை, சாம்பல் நிறக் காற்சட்டை. பாடம் நடத்துவதோடு மாணவர்களுக்கு ஆலோசகர் பொறுப்பும் அவருக்கு இருந்தது. நாங்கள் எல்லோரும் 'ஃபாதர்' என்றோம், இந்து, முஸ்லிம் வித்தியாசமில்லாமல். போன ஆண்டு காலமானார். அவர் வைத்திருந்த புத்தகங்களைப் பிரித்துக்கொடுத்தபோது என் பங்குக்கு வந்த புறநானூற்றுக்குள் ஓர் அஞ்சலட்டை இருந்தது. முகவரி எழுதும் பக்கம் வெறுமை. மறுபக்கத்தில் அவருடைய சாய்ந்த கையெழுத்தில் ஐந்து ஊர்ப் பெயர்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக: வடக்கன்குளம், தூத்துக்குடி, அண்ணாமலை நகர், கரம்பொன், நெடுந்தீவு.

ஃபாதரிடம் படித்த எவருக்கும் அது என்ன பட்டியல் என்று விளக்க வேண்டியதில்லை. தமிழாராய்ச்சியை உலகெங்கும் கொண்டுபோன பாதிரியார், தமிழறிஞர் தனிநாயகம் அடிகளின் வாழ்க்கையில் வரும் ஊர்கள். ஓய்வு பெற்றதும் ஒரே மூச்சில் போய்வருவேன் என்று வகுப்பில் ஆண்டுக்கு நாலு முறையாவது சொல்வார். போகவில்லை. இராமேசுவரம் – தலைமன்னார் கப்பல் 1984இல் நின்றது, பிறகு போர், பிறகு முழங்கால்.

தனிநாயகம் அடிகள் பிறந்தது 1913இல், யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியிலுள்ள கரம்பொன்னில். குருத்துவப் படிப்புக்கு முதலில் கொழும்பு, பிறகு ரோமாபுரி. லத்தீனும் இத்தாலியமும் நன்றாக வந்தன. படிப்பு முடித்துத் தூத்துக்குடி மறைமாவட்டத்துக்கு வந்து, 1940இல் இந்த ஊர்ப் புனித தெரசாள் பள்ளியில் துணைத் தலைமையாசிரியராகச் சேர்ந்தார். ஐந்து ஆண்டுகள் இருந்தார். அப்போதுதான் பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் உட்கார்ந்து தமிழ் இலக்கியம் படிக்கத் தொடங்கினார். வயது 27. "எனக்கு இனிமேல் படிப்பு எங்கே வரப்போகிறது, ஃபாதர்" என்று யார் வந்து நின்றாலும் எங்கள் ஃபாதர் இந்தக் கதையைத்தான் எடுப்பார். "இருபத்தேழு வயதில் அரிச்சுவடியைத் தொட்ட ஆள் உலகத்தையே தமிழ் படிக்க வைத்தார். உனக்கு என்ன, இருபதுதானே?" அரிச்சுவடி என்பது கொஞ்சம் மிகை. அடிகளுக்குப் பேச்சும் எழுத்தும் வீட்டிலேயே வந்தவைதான், வராதது இலக்கியம். ஆனால் அழுதுகொண்டு வந்து நிற்கும் பிள்ளையிடம் அந்த நுணுக்கத்தையெல்லாம் யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

பள்ளிக்கு விடுமுறை. காவலாளி நல்ல மனிதர். எட்டிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். அடிகள் எந்த அறையில் இருந்தார் என்று அவருக்குத் தெரியவில்லை. "பெரிய சாமி ஒருத்தர் இங்கே வாத்தியாராக இருந்தாராம், தமிழ்ச் சாமி" என்பது வரை தெரிந்திருந்தது. தமிழ்ச் சாமி. நான் கேட்ட பட்டங்களிலேயே நல்ல பட்டம்.

பள்ளிக்குப் பிறகு கோயில். திருக்குடும்ப ஆலயத்தைப் பற்றிப் படித்திருக்கிறேன், ஆனால் நேரில் பார்ப்பது வேறு. பீடத்திலிருந்து இரண்டு கால்களாகப் பிரியும் கட்டடம். ஒரு காலில் ஒரு சாதி, மறு காலில் மற்ற சாதிகள், நடுவில் மதில். பீடத்துச் சாமியார் மட்டும் இரு பக்கத்துக்கும் தெரிவார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதிலை இடித்தார்கள். அதை எதிர்த்தவர்கள் வழக்குப் போட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். இதே ஊரில்தான் 1745இல் தேவசகாயம் திருமுழுக்குப் பெற்றார், 2022இல் புனிதரானார். மதில் இடிந்து முப்பது ஆண்டளவே ஆன ஊருக்கு, 'யாதும் ஊரே' என்ற வரியைப் பிற்காலத்தில் உலகெங்கும் கொண்டுபோன மனிதர் வாத்தியாராக வந்திருக்கிறார். இதை ஃபாதர் ஏன் வகுப்பில் சொல்லவில்லை என்று யோசித்துக்கொண்டே படியில் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்று, என் சொந்த ஊகம். அடிகள் பின்னால் ஆராய்ச்சி செய்தது சங்கப் பாட்டில் இயற்கை. இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மேற்கே பார்த்தால் மகேந்திரகிரி. சுற்றிலும் உடைமரமும் செம்மண் தேரியும். ஒரு மணி நேரத்துக்குள் கடல். மேற்கே கொஞ்சம் போனால் நாஞ்சில் நாட்டு வயல். குறிஞ்சி, பாலை, நெய்தல், மருதம். ஐந்து ஆண்டுகள் இதன் நடுவில் குடியிருந்து அகநானூற்றைப் பிரித்தவருக்குத் திணை என்பது ஏட்டுச் சொல்லாக இருந்திருக்காது.

இரண்டாம் நாள்: தூத்துக்குடி

பனிமய மாதா கோயில், கடற்கரைச் சாலை, மதிய வெயில். தமிழ் இலக்கியக் கழகத்தை அடிகள் 1948இல் தொடங்கியது இந்த ஊரில். வெயிலில் தலைவலி வந்து பாதி நாள் விடுதியில் படுத்துக்கிடந்தேன். ஊரைச் சரியாகப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது.

படுத்துக்கொண்டே நினைத்தது இது. தமிழில் முதலில் அச்சான புத்தகங்கள் இந்தக் கடற்கரை மக்களுக்காக அச்சிட்டவை. அன்றீக்கே அன்றீக்கஸ் என்ற சேசு சபைப் பாதிரியார் இங்கேயே வாழ்ந்து, இங்கேயே அடக்கமானவர். அவருடைய தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சானது, 16 பக்கம். அடியார் வரலாறு 1586இல். ஆனால் இவையெல்லாம் எங்கே போயின என்று ஊருக்கே மறந்துவிட்டது. அடிகள் 1950களில் ஐரோப்பிய நூலகங்களில் துருவித் தேடினார். லிஸ்பனில் 1554ஆம் ஆண்டுத் தமிழ் மறைக்கல்விப் புத்தகம், ரோமன் எழுத்தில். வத்திக்கானில் அடியார் வரலாறு. 1679இல் அச்சான புரொயன்சா பாதிரியாரின் தமிழ் – போர்த்துக்கேய அகராதியும் வத்திக்கானில்தான். அதை 1966இல் நிழற்படப் பதிப்பாகக் கோலாலம்பூரில் வெளியிட்டார்.

"நம் வீட்டுச் சாவியை நாம் அடுத்த தெருவில் தொலைத்தால், ஒருவர் லிஸ்பன் வரை போய்த் தேடி எடுத்து வந்தார்" என்பார் ஃபாதர். வகுப்பில் சிரிப்போம். இன்று சிரிப்பு வரவில்லை. தலைவலிதான் காரணமாக இருக்கலாம்.

மூன்றாம் நாள்: அண்ணாமலை நகர்

இரவு முழுக்கப் பயணம் செய்து விடியற்காலையில் சிதம்பரம். ரயில் நிலையத்தை ஒட்டியே பல்கலைக்கழகம் தொடங்கிவிடுகிறது. 1929இல் நிறுவியது. அகலச் சாலைகள், மரங்கள், சைக்கிளில் பிள்ளைகள். எந்தப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தாலும் எனக்கு வயிற்றில் ஒரு சின்ன இழுப்பு வரும், கட்டணம் கட்டாமல் வந்துவிட்டதைப் போல.

அடிகள் இங்கே 1945இல் மாணவராகச் சேர்ந்தார். முப்பத்திரண்டு வயதில், குருப்பட்டம் பெற்ற ஒருவர், பத்து வயது இளையவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து முதுகலைத் தமிழ் படித்தார். தெ. பொ. மீனாட்சிசுந்தரம் அப்போது தமிழ்த்துறையில். அடுத்து இலக்கிய முதுவர் பட்டம். அந்த ஆய்வுதான் விரிந்து பண்டைத் தமிழ்ப் பாட்டில் இயற்கை பற்றிய ஆங்கில நூலாயிற்று. பிறகு லண்டனில் முனைவர் பட்டம், பழந்தமிழரின் கல்விச் சிந்தனை பற்றி. ஒரு மனிதர் கற்பிக்கும் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து போய்க் கற்கும் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே இருந்திருக்கிறார். 1952 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளர். 1961 முதல் 1969 வரை மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைத் தலைவர். இடையில் 1964 ஜனவரியில், டெல்லியில் கீழைத்தேய அறிஞர்கள் மாநாட்டுக்குக் கூடியிருந்தவர்களைச் சேர்த்து உலகத் தமிழாராய்ச்சி மன்றம். பிரெஞ்சுக்காரர் ஃபிலியோசா தலைவர். செக் நாட்டுக் கமில் சுவலபிலும் அடிகளும் செயலாளர்கள். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் மாநாடு. இதையெல்லாம் ஃபாதர் தேர்வுக்குக் கேட்பார். ஆண்டு தப்பினால் அரை மதிப்பெண் போகும்.

நூலகத்துக்கு வெளியே கல் இருக்கை ஒன்றில் நெடுநேரம் இருந்தேன். எதிர் மரத்தடியில் ஒரு பெண் போனில் அழுதுகொண்டிருந்தாள். என் கதையை இன்றுதான் எழுதவேண்டும்போலிருக்கிறது.

முதுகலை இரண்டாம் ஆண்டு. அப்பா வேலையிழந்த வருடம். முதல் பருவத்தில் இரண்டு தாள்கள் போய்விட்டன. விடுதிக் கட்டணம் நிலுவை. ஊருக்குப் போய் ஏதாவது கடையில் கணக்கெழுதலாம் என்று முடிவுசெய்து, படிப்பை நிறுத்துவதாகக் கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு ஃபாதர் அறைக்குப் போனேன். செவ்வாயும் வெள்ளியும் நாலு மணிக்கு மேல் அவர் அறை வாசலில் ஒரு நீள பெஞ்சில் வரிசையாகப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். யார் எதற்கு வந்தார்கள் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. அது எழுதாத சட்டம்.

என் முறை வந்தது. கடிதத்தை வாங்கினார். ஏதாவது தேறுதல் சொல்வார், அழலாம் என்று தயாராக இருந்தேன். அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். மூடி உடைந்து நூலால் கட்டியிருக்கும் பேனா. 'படிப்பை தொடர இயலாத' என்று நான் எழுதியிருந்த இடத்தில் ஒரு கூரைக் குறி போட்டு, மேலே 'த்' எழுதினார். இன்னும் நாலு இடத்தில் அதே கூரை. கடைசி வரியில் ஒரு 'ர'வை அடித்து 'ற' ஆக்கினார்.

"இதை நான் மேலே அனுப்பினால், இந்தப் பெண்ணுக்குத் தமிழ் நடத்தியது யார் என்று என்னைத்தான் கேட்பார்கள். திருத்தி எழுதிக்கொண்டு வெள்ளிக்கிழமை வா, அம்மா."

வெள்ளிக்கிழமை போனேன். ஒற்று எல்லாம் சரி. "நடை சரியில்லையே. 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்றால் என்ன? எது சூழ்ந்திருக்கிறது? சூழ்ந்திருப்பதை எழுது." அந்த வாரம் உட்கார்ந்து எழுதினேன். எவ்வளவு நிலுவை, எந்தத் தாள், எந்தத் தேதி, அப்பாவுக்கு என்ன ஆயிற்று. ஒன்றரைப் பக்கம் வந்தது. செவ்வாய் கொண்டுபோனேன். முழுதும் படித்தார். பேனாவை எடுக்கவேயில்லை. "இது விலகல் கடிதம் இல்லை, அம்மா. இது உதவித்தொகை விண்ணப்பம். தலைப்பை மட்டும் மாற்றவேண்டும்" என்றார்.

நான்காவது பிரதியை நான் அவரிடம் கொண்டுபோகவில்லை, அலுவலகத்தில் கொடுத்தேன். முதல் பிரதி, ஐந்து சிவப்புக் கூரைகளுடன், இன்றும் என்னிடம் இருக்கிறது.

ஃபாதரை மகானாக்க எனக்கு விருப்பமில்லை. கோபக்காரர். 'ற'கரம் தப்பிய ஒரு பையனை வகுப்பு முழுக்க நிற்க வைத்து அழவிட்டிருக்கிறார். அன்று இரவே விடுதிக்குப் போய் அவன் கட்டிலில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார் என்பது பிறகு தெரிந்தது. பெயர்கள் ஞாபகம் இருக்காது. பெண்கள் எல்லோரும் 'அம்மா', பையன்கள் எல்லோரும் 'ஐயா'. அந்த மறதியை மறைக்கத்தான் அந்த மரியாதை என்பது எங்கள் வகுப்பின் ஒருமித்த கருத்து.

நிமிர்ந்து பார்த்தபோது மரத்தடிப் பெண் போய்விட்டிருந்தாள்.

நான்காம் நாள்: நாகப்பட்டினத்திலிருந்து கடல்

2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கிய காங்கேசன்துறைக் கப்பல். குடிவரவுச் சடங்குகள், சாமான் எடை, காத்திருப்பு. கப்பலுக்குள் விமானம்போல வரிசை இருக்கைகள். ஜன்னலுக்கு வெளியே நாலு மணி நேரம் வெறும் நீலம். எனக்குப் பக்கத்தில் பேரன் முகம் பார்க்கப் போகும் ஒரு பாட்டி. என் தோளில் தூங்கினார். காங்கேசன்துறையில் மூடிக்கிடக்கும் சீமெந்து ஆலை கண்ணில் பட்டதும் எழுந்து, பொட்டைச் சரிசெய்துகொண்டார்.

ஃபாதர் நாற்பது ஆண்டு காத்திருந்த தூரம் இவ்வளவுதான்.

ஐந்தாம் நாள்: யாழ்ப்பாணம்

பட்டியலில் இல்லாத ஊர். ஆனால் இதைக் கடக்காமல் கரம்பொன் போக முடியாது.

காலையில் புனித பத்திரிசியார் கல்லூரிப் பக்கம் நடந்தேன். அடிகள் சிறுவனாகப் படித்த பள்ளி. அங்கிருந்து பொது நூலகம் அருகில்தான். வெள்ளைக் கட்டடம், குவிமாடம், முன்னால் சரசுவதி சிலை. 1959இல் திறந்தது. 1981ஆம் ஆண்டு மே கடைசி இரவில் எரித்தபோது உள்ளே 97,000 நூல்கள். பத்திரிசியார் கல்லூரி மாடியிலிருந்து அந்தத் தீயைப் பார்த்த தாவீது அடிகள், அவரும் பாதிரியார், அவரும் பன்மொழி அறிஞர், பார்த்த இடத்திலேயே சரிந்து இறந்தார். தனிநாயகம் அடிகள் அதைப் பார்க்கவில்லை. ஒன்பது மாதங்களுக்கு முன்பே, 1980 செப்டம்பர் 1 அன்று யாழ்ப்பாணத்தில் காலமாகிவிட்டார்.

ஆனால் அவருக்கும் இந்த ஊரில் ஒரு கெட்ட இரவு எழுதியிருந்தது. 1974 ஜனவரியில் நான்காம் தமிழாராய்ச்சி மாநாடு இங்கே நடந்தது. இலங்கைக் கிளையின் தலைவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன் எவ்வளவோ தடைகளுக்கு நடுவில் நடத்தினார். ஜனவரி 10 மாலை வீரசிங்கம் மண்டபத்தின் முன்னால் ஊரே திரண்டிருந்தபோது பொலிஸார் புகுந்தார்கள். மின்கம்பி அறுந்து விழுந்து உயிர்கள் போயின. மண்டபத்துக்கு அருகே நினைவுச்சின்னம் இருக்கிறது. பக்கத்திலேயே பஸ்ஸுக்கு நின்றவர்கள், தொலைபேசி அட்டை விற்பவர், ஐஸ்கிரீம் சாப்பிட்ட இரண்டு பெண்கள்.

இதைச் சொல்லும் அன்று மட்டும் ஃபாதர் பாடப்புத்தகத்தை மூடிவிடுவார். ஆண்டைச் சொல்வார், இடத்தைச் சொல்வார், அதோடு வகுப்பை விட்டுவிடுவார், மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தாலும். நாங்களும் ஓசைப்படாமல் கலைவோம். இன்று நானும் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை.

ஆறாம் நாள்: கரம்பொன்

பண்ணைப் பாலம் கடந்ததும் இரு பக்கமும் முழங்கால் ஆழக் கடல். கம்புகள் நட்டு வலை கட்டிய மீன்பொறிகள் நீருக்குள் கோலம் போட்டதுபோல வளைந்து வளைந்து போகின்றன. பஸ் ஊர்காவற்றுறைச் சாலையில் மெல்லப் போயிற்று. பனை, கதியால் வேலி, பூட்டிய வீடு, பனை, கூரையில்லாத வீடு, பனை. ஆட்கள் புலம்பெயர்ந்து போன ஊரின் அமைதி வேறு மாதிரி இருக்கிறது. கிணற்றடியில் வாளி மட்டும் கவிழ்ந்திருக்கிறது.

இறங்கியதும் ஒரு சிக்கல். பெயர்ப்பலகையில் 'கரம்பன்' என்றிருந்தது. ஃபாதரின் அஞ்சலட்டையில் 'கரம்பொன்'. அவர் எழுத்தில் ஒரு பிழையா? இருபத்தைந்து ஆண்டு எங்களைத் திருத்தியவர் ஊர்ப் பெயரைத் தவறாக எழுதிவிட்டாரா? அந்த எண்ணத்தில் எனக்கு அற்பமான ஒரு மகிழ்ச்சி வந்ததை மறைக்க விரும்பவில்லை.

வேலியோரம் பனையோலை சீவிக்கொண்டிருந்த ஒரு முதியவர் தலையை நிமிர்த்தினார்.

"யாரைத் தேடுகிறீர்கள், பிள்ளை?"

"ஃபாதரின் ஊரைப் பார்க்க வந்தேன், ஐயா. இந்தியாவிலிருந்து."

"ஓ, தனிநாயகம் சுவாமியா? நீங்கள் அவருக்கு என்ன முறை?"

"உறவு இல்லை ஐயா. எனக்குப் படிப்பித்தவர்" என்று சொல்லிவிட்டேன். நான் நினைத்தது வேறு ஆளை, சொன்னது வேறு ஊரில்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "படிப்பித்தவரா? உங்களுக்கா? சுவாமி மோசம்போய் நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. உங்கள் வயது சரிவரவில்லையே, பிள்ளை."

விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் அடிகளை நேரில் தெரியாது. ஒரே ஒரு தடவை, பெடியனாக இருந்த காலத்தில், கோயில் முற்றத்தில் தூரத்தில் நின்று பார்த்ததாகச் சொன்னார். "நல்ல உயரம். வேறு ஒன்றும் ஞாபகமில்லை." அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. வேறு யாராவதாக இருந்தால் எனக்காக ஒரு கதை கட்டியிருப்பார்கள்.

உள்ளேயிருந்து அவர் மனைவி தேநீர் கொண்டுவந்தார். பனங்கட்டி தனியாக ஒரு சின்னத் தட்டில். கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. தேநீருக்குள் போட்டுக் கலக்கினேன். இருவரும் பார்த்தும் பாராததுபோல் இருந்தார்கள்.

அஞ்சலட்டையைக் காட்டினேன். "இதில் எது சரி ஐயா, கரம்பொன்னா, கரம்பனா?"

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தார். "இரண்டும் சரி. அந்தக் காலத்து ஆட்கள் கரம்பொன் என்று எழுதுவார்கள். நாங்கள் கரம்பன்." பிறகு அட்டையைத் திருப்பி வெறும் பக்கத்தைப் பார்த்தார். "யாருக்கு எழுதத் தொடங்கினார், பேர் இல்லையே?"

பதில் தெரியவில்லை. அட்டையை வாங்கிப் புறநானூற்றுக்குள் வைத்தேன்.

ஏழாம் நாள்: நெடுந்தீவு

குறிகட்டுவானில் படகு. ஒரு மணி நேரம். சீமெந்து மூட்டை, கோழித்தீவனம், பள்ளிக்கூட ஆசிரியைகள், நான். ஆசிரியைகள் விடைத்தாள் திருத்திக்கொண்டே வந்தார்கள், ஆடும் படகில், மடியில் வைத்து. சிவப்பு மை. ஒருவர் எதையோ வாசித்துச் சிரித்துப் பக்கத்தவரிடம் காட்டினார். எனக்குக் கேட்டு வாங்கிப் பார்க்க ஆசை, அடக்கிக்கொண்டேன்.

அடிகளின் தகப்பனார் வழி இந்தத் தீவு. வீட்டில் வைத்த பெயர் சேவியர் ஸ்தனிஸ்லாஸ். தமிழைக் கையில் எடுத்த பிறகு நெடுந்தீவு முன்னோர் தனிநாயக முதலியின் பெயரைத் தனக்கு எடுத்துக்கொண்டார். படிப்பதற்குத்தான் பெஞ்ச் மாறி மாறி உட்கார்ந்தார் என்று நினைத்தேன்; பெயரைக்கூட வளர்ந்த பிறகுதான் தேடிப் பெற்றிருக்கிறார்.

வெயில். முருகைக் கல்லை, அதாவது பவளப்பாறைக் கல்லை, சாந்தில்லாமல் அடுக்கிய வேலிகள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் காற்றுப் போக ஓட்டை. எதிரே வருபவரின் நிறம் மட்டும் துண்டு துண்டாகத் தெரியும். ஒரு கல்லை எடுத்துப் பார்த்தேன்: மூளைபோல மடிப்பு மடிப்பாக, எதிர்பார்த்ததைவிட எடை குறைவு. எடுத்த இடத்தில் திரும்ப வைக்க முயன்றால் பொருந்தவில்லை. இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பத்து நிமிடம் போயிற்று. ஆடு மேய்த்த ஒரு பையன் வந்து, ஒன்றும் பேசாமல் வாங்கி, ஒரே தடவையில் செருகிவிட்டுப் போனான்.

தெற்கே மட்டக் குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. பெருக்க மரத்தைப் பார்த்தேன். அடிமரத்துக்குள் ஆள் நுழையும் பொந்து. வெள்ளைக்காரர் காலத்துக் கோட்டையின் மிச்சம். எல்லாம் சுற்றுலாப் பயணி பார்க்கும் சாமான்கள்தான், விரிவாக எழுத எனக்கு மனமில்லை.

இறங்குதுறையில் கடைசிப் படகுக்குக் காத்திருக்கும்போது இந்த ஏழு நாள் குறிப்புகளையும் திரும்பப் படித்தேன். காலையில் பார்த்த ஆசிரியைகள் பக்கத்து நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். விடைத்தாள் கட்டு பாதி குறைந்திருக்கிறது. ஃபாதர் இருந்தால் எத்தனை கூரை போடுவார் என்று எண்ணிக்கொண்டே வந்தேன். முதல் நாளின் முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். 'போய் சேர்ந்தபோது' என்று எழுதியிருக்கிறேன். நடுவில் 'ச்' இல்லை.

திருத்தப் பேனாவை எடுத்தேன். பிறகு மூடிவைத்துவிட்டேன். அதை அப்படியே விட்டிருக்கிறேன். படகு வந்துவிட்டது.